குறி கேட்கும் கம்பி

ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், தோபி கானா என்று ஊரார் அழைக்கும் சலவைத்துறையில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வேலை செய்கின்றன. தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்தவர்களின் வழியினர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர்களுடைய பேச்சைச் சில ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறேன். அப்பதிவுகளில் எனக்கு மிக நெருக்கமானது துணிக்குறி பற்றியது. எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் குறிகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக வரைந்து காட்டுகிறார். புள்ளி, கோடு, கோட்டின்மேல் குறுக்குக் கோடு, பிறை. எந்தக் குறி எந்த வீட்டுக்கு, ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தால் குறி எப்படிக் கிளைக்கும், துணி ஆறு மாதம் வெளுத்த பின்னும் குறி ஏன் மங்காது என்றெல்லாம் விளக்குகிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஓர் எழுத்துமுறையை நாற்பது நிமிடம் விளக்கும் பதிவு அது.

அதனை அவருக்கும் அவர் வீட்டாருக்கும் பெரிய திரையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நான் காட்ட நினைத்த மாலை கொச்சி-முசிறிஸ் பினாலே நடக்கும் பருவத்தில் அமைந்துவிட்டது. 2012 டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கிய முதல் பதிப்பிலிருந்தே ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிக் கிடங்குகளை இருட்டறைகளாக்கிக் காணொளிக் கலையைக் காட்டுவது பினாலேயின் வழக்கம். அமர் கன்வரின் ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’ முதல் பதிப்பில் இடம்பெற்றது. வில்லியம் கென்ட்ரிட்ஜின் நிழலுருவ ஊர்வலத்தை 2018 பதிப்பில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிளகும் இஞ்சியும் அடுக்கிய கூடங்களுக்கு வெளிச்சம் வேண்டாதபடி கட்டிய கொத்தனார்கள், தாம் திரையரங்கு கட்டுவதாக எண்ணியிருக்க வழியில்லை. அது நிற்க. பினாலே நாட்களில் வாடகைப் புரொஜெக்டர் கிடைப்பது அரிது. கிடைத்தது, மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கூடத்தின் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த, யாரும் பல ஆண்டுகளாக இயக்காத மூன்று கண் புரொஜெக்டர்.

மூன்று கண் என்பது ஊரார் வைத்த பெயர், பொருத்தமான பெயர். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிக் குழாய்கள், மூன்று தனித்தனி வில்லைகள். ஐம்பது அறுபது கிலோ எடை. முன்னொரு காலத்தில் இதைப் பராமரித்த இக்கா ஒருவரைத் தேடிப் பிடித்தோம். ஏணியில் ஏறித் தூசு துடைத்து, குளிர்விக்கும் திரவம் கசிகிறதா என்று பார்த்து, மின்சாரம் கொடுத்தார். குழாய்கள் மூன்றும் மெல்ல ஒளிர்ந்தன. நான் கொண்டுபோயிருந்த சிறு ஊடகப்பெட்டியில் என் பதிவை ஏற்றி, சந்தையில் வாங்கிய மாற்றியொன்றின் வழியாக இணைத்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. சற்று நேரத்தில் ஓர் ஆங்கில அறிவிப்பு தோன்றியது: இந்தக் காட்சியைக் காட்டும் உரிமை இணைக்கப்பட்டிருக்கும் கருவிக்கு இல்லை என்பது அதன் சாரம்.

நான் எடுத்த படம். பாட்டி பேசிய பேச்சு. உரிமை இல்லை என்று சொன்னது யார்? புரொஜெக்டர் பழையது, அதனால் முடியவில்லை என்றே நான் முதலில் எண்ணினேன். இக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “அதினு செவியுண்டு, பாஷயா வேறெ” என்றார். அன்றிலிருந்து நான் படித்தவற்றின் தொகுப்பே இந்தப் பதிவு. மொழியியல் படித்தவருக்குப் பொறியியலில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள், இது முழுக்க மொழிபெயர்ப்பின் வரலாறு என்பதைப் போகப் போக உணர்வார்கள்.

கேத்தோடு கதிர்க்குழாயை 1897இல் உருவாக்கியவர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன். ஜப்பானிய மொழியில் அக்குழாயின் பெயர் இன்றும் ‘புரௌன்கான்’, அதாவது பிரௌன் குழாய். அந்த நாட்டில்தான் 1926 டிசம்பர் 25 அன்று கென்ஜிரோ தகாயனகி என்ற ஆசிரியர் ஒரு கதிர்க்குழாயின் முகத்தில் தொலைவிலிருந்து அனுப்பிய உருவத்தைத் தோன்றச் செய்தார். அவர் காட்டத் தேர்ந்தது முகமோ மலரோ அல்ல. ‘இ’ என்னும் கதகானா எழுத்து, ஜப்பானியர் தம் பழைய எழுத்து வரிசையில் முதலில் சொல்லும் எழுத்து. மின்னணுத் தொலைக்காட்சியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து இருப்பது எங்கள் துறைக்காரர்களுக்குச் சிறு பெருமை.

இக்குழாயின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் மேலே செல்ல இயலாது. இன்றைய திரைகள் கட்டங்களால் ஆனவை. 1920 கட்டம் அகலம், 1080 கட்டம் உயரம் என்று தொழிற்சாலையிலேயே எண்ணிக்கை உறைந்துவிடுகிறது. கதிர்க்குழாயில் கட்டமே இல்லை. ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைந்து, திரும்பி வந்து அடுத்த வரியை வரைகிறது. எத்தனை வரி என்பது கண்ணாடியில் எழுதியிருப்பதன்று. கற்றையைத் திருப்பும் சுருள்கள் எவ்வளவு விரைவாகத் திருப்ப வல்லவை என்பதே எல்லை. ஓலையில் எத்தனை வரி எழுதலாம் என்பதை ஓலை மட்டும் முடிவு செய்வதில்லை, எழுத்தாணியின் கூர்மையும் கையின் விரைவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன அல்லவா, அதுபோல.

ஆகவே கதிர்க்குழாய்க் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி, வினாடிக்கு எத்தனை வரி என்பதே. நம் நாட்டுத் தொலைக்காட்சி 625 வரி, வினாடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் வெளியிட்ட வி.ஜி.ஏ. கணினித் திரைக்கு ஏறத்தாழ 31,500. இன்று நாம் உயர்தெளிவு என்று அழைக்கும் 1080 வரிக் காட்சி, மறைவு வரிகளையும் சேர்த்தால் 1,125 வரி. ஒன்றுவிட்டொரு வரியாக வினாடிக்கு 30 முழுப்படம் காட்டினால் 33,750. அதாவது கணினித் திரையைக் காட்டவல்ல புரொஜெக்டருக்கும் உயர்தெளிவுக் காட்சிக்கும் இடையே ஓரடிதான் தொலைவு. எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் வினாடிக்கு 60 முறை வரையும் முறைக்கு மட்டுமே 67,500 வேண்டும். பெல்ஜியத்தின் பார்கோ நிறுவனம் தன் கருவிகளுக்கு வைத்த பெயர்களே இந்தப் படிநிலையைச் சொல்லும்: தொலைக்காட்சிக்கு ‘பார்கோவிஷன்’, கணினிக்கு ‘பார்கோடேட்டா’, பொறியியல் வரைபடங்களுக்கும் விமானப் பயிற்சிப் பாவனைகளுக்கும் ‘பார்கோகிராஃபிக்ஸ்’. மூன்றாம் வகை 67,500ஐயும் தாண்டும். 1934இல் வானொலிப்பெட்டி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பெல்ஜிய அமெரிக்க வானொலிக் கழகம் என்பதன் சுருக்கமே பார்கோ.

இங்கே ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்த வேண்டும். உயர்தெளிவுக் காட்சி பிறந்த பின் கதிர்க்குழாய் பின்தங்கிவிட்டது என்பது பொதுவான எண்ணம். உண்மை நேர்மாறானது. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி பற்றிய ஆய்வைத் தொடங்கியது. 1,125 வரி என்னும் எண்ணிக்கை அந்த ஆய்வில் விளைந்தது. 1981இல் அமெரிக்காவில் அதனைக் காட்டியபோது தட்டைத் திரை என்ற ஒன்று வீடுகளில் இல்லை. உயர்தெளிவு உருவாக்கப்பட்டதும் சோதிக்கப்பட்டதும் கதிர்க்குழாயின் முன்னிலையில்தான். தன் பிறப்பை உடனிருந்து பார்த்த மூத்த உறவினரிடம் ‘நீ யார்’ என்று கேட்பதைப் போன்றதே இன்றைய நிலைமை.

கேரளத்தில் இக்கருவிகள் வந்து சேர்ந்த சூழலும் தனித்தன்மை உடையது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல் தொடங்கியது; சுதந்திர நாள் உரையும் ஆசிய விளையாட்டுப் போட்டியும் அதன் முதல் நிகழ்வுகள். தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு 1985இல் வந்தது. ஆனால் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் வீடியோ கேசட் பிளேயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. நிலையம் வருமுன்னரே நாடா வந்த ஊர் இது. அந்த நாடாக்களும் ஒரே மொழி பேசவில்லை. இந்தியாவும் வளைகுடாவின் பல நாடுகளும் ஜெர்மானிய பால் முறையைப் பின்பற்ற, சவூதி அரேபியா அன்று பிரெஞ்சு செக்காம் முறையில் இருந்தது. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருபவை என்.டி.எஸ்.சி. தவறான முறையில் இட்ட நாடா வண்ணமிழந்து கறுப்பு வெள்ளையில் ஓடும், அல்லது படம் உருண்டுகொண்டே போகும். ‘மல்டி சிஸ்டம்’ என்ற சொல் வளைகுடாப் பெட்டிகளின் மேல் பெருமையாக ஒட்டப்பட்டிருந்ததன் காரணம் அதுவே. குஜராத்தியும் கொங்கணியும் கச்சியும் தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் மட்டாஞ்சேரிக்குப் பன்மொழிப் பெட்டி புதுமையன்று.

அந்தக் காலத்துத் தகராறுகளுக்கு ஒரு பொதுப் பண்பு உண்டு. மொழி புரியாமல் போகலாம். ஆனால் பேச்சு மறுக்கப்படுவதில்லை. அனலாக் கம்பியில் ஒரு முனை பேசும், மறுமுனை கேட்கும். கேட்பவர் யார் என்று பேசுபவர் விசாரிப்பதில்லை. அந்தக் கம்பிகளின் முனைகளைப் பாருங்கள்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத்தில் எல்லா வீட்டிலும் கிடந்த ஆர்.சி.ஏ. முனை, அமெரிக்க வானொலிக் கழகத்தின் பெயரைச் சுமப்பது. புரொஜெக்டரின் பின்புறத்தில் திருகிப் பூட்டும் பி.என்.சி. முனை, அதனை வடிவமைத்த நீல், கான்செல்மன் என்னும் இரு பொறியாளர்களின் முதலெழுத்துகளைச் சுமப்பது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்று, வரியின் ஒத்திசைவுக்கு ஒன்று, படத்தின் ஒத்திசைவுக்கு ஒன்று, ஆக ஐந்து கம்பிகள். ஒத்திசைவு என்பது வேறொன்றும் அன்று. ‘இங்கே வரி முடிந்தது, திரும்பு’ என்று சொல்லும் நேரக்குறிப்பு. யூதத் தெருவில் எசக்கியேல் ரஹாபி 1760இல் கட்டிய மணிக்கூண்டில், தொழுகைக்கு வருபவருக்கு ஒரு முகத்தில் எபிரேய எண்கள், மற்ற முகங்களில் ரோமன், மலையாள எண்கள். நேரம் ஒன்று, உரு வேறு. நிமிர்ந்து பார்ப்பவரின் அடையாளத்தை அந்தக் கூண்டு கேட்பதில்லை.

கேட்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? 1994இல் வீசா அமைப்பு திரைகளுக்கென ஓர் அறிமுகச் சீட்டை வகுத்தது. 128 பைட்டு அளவுள்ள அந்தச் சீட்டில் திரை தன் பெயரையும் தன்னால் காட்ட இயன்ற அளவுகளையும் கணினிக்குச் சொல்லும். ஈ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். இதில் தீங்கில்லை; நல்ல பழக்கம் என்றே சொல்லலாம். 1999இல் எண்முறை இணைப்பான டி.வி.ஐ. வந்தது. அதனை ஒட்டி இன்டெல் நிறுவனம் எச்.டி.சி.பி. என்னும் காப்பு முறையை வகுத்தது. 2002 டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் கூடி எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் வரையறையை வெளியிட்டன. ஒலியும் ஒளியும் ஒரே கம்பியில்; எளிமை; அதனுள்ளே எச்.டி.சி.பி.க்கும் இடம்.

எச்.டி.சி.பி.யின் முதல் தலைமுறை செயல்படும் விதம் குறி இடுவதை அப்படியே ஒத்திருக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு கருவிக்கும் 40 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண். அதில் சரியாக 20 ஒன்று, 20 சுழி. எந்த இடங்களில் ஒன்று வருகிறது என்பதே கருவிக்குக் கருவி வேறுபடும். அதனுடன் 40 இரகசியத் திறவுகோல்கள். காட்சியை அனுப்பும் பெட்டி முதலில் மறுமுனையிடம் குறியைக் கேட்கிறது. தன் குறியைக் காட்டி இரண்டும் ஒரே விடைக்கு வந்தால்தான் படம் நகரும். அதன் பிறகும் 128 படங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒருமுறை, மீண்டும் சரிபார்ப்பு. பொறியாளர்கள் இதனைக் கைகுலுக்கல் என்கிறார்கள். இரண்டு வினாடிக்கு ஒருமுறை கையைப் பிடித்துப் பார்ப்பவரை நாம் வேறு பெயரில் அழைப்போம்.

என் ஊடகப்பெட்டி, தன்னில் ஓடுவது திரைப்பட நிறுவனத்தின் படமா ஆய்வாளரின் பதிவா என்று பிரித்தறியவில்லை. எதை ஓட்டினாலும் குறியைக் கேட்பது அதன் அமைப்பு. மலிவு விலை மாற்றியிடம் குறி இல்லை. எனவே துணிக்குறியைப் பற்றிய பேச்சு, குறி இல்லாத காரணத்தால் நிறுத்தப்பட்டது. பாட்டியின் குறிமுறையில் குறி உரியவரிடம் துணியைக் கொண்டு சேர்ப்பதற்கு. இங்கே உரியவரிடம் சேர விடாமல் தடுப்பதற்கு. இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் காலம் வரும் என்று நம்புகிறேன்.

அனலாக் வழியை மூடுவதும் தானாக நடந்ததன்று. தேதி குறித்து நடந்தது. புளூ-ரே தட்டுகளின் காப்பு முறையான ஏ.ஏ.சி.எஸ்., தட்டிலேயே ஒரு கட்டளையைப் பதிக்க இடம் கொடுத்தது. அந்தக் கட்டளை இருந்தால் அனலாக் முனையில் 960க்கு 540 என்ற அளவுக்கு மேல் தெளிவு வெளியேறாது. அடுத்த படியாக, 2010 முடிவுக்குப் பின் தயாரிக்கும் பிளேயர்கள் காப்பிட்ட தட்டுகளைப் பழைய தொலைக்காட்சித் தெளிவில் மட்டுமே அனலாக்கில் தரலாம் என்றும், 2013 முடிவுக்குப் பின் அனலாக் முனையில் அவற்றைத் தரவே கூடாது என்றும் உரிம ஒப்பந்தம் விதித்தது. அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘அனலாக் அஸ்தமனம்’. சூரியன் தானே மறைவதைப் போன்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மறைக்கப்பட்ட சூரியன் இது. எழுவாயில்லாத வாக்கியங்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று இலக்கண வகுப்பில் படித்ததை இங்கே நினைவுகூர்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. ஏ.ஏ.சி.எஸ். கூட்டமைப்பிலும் எச்.டி.எம்.ஐ. நிறுவனர்களிடையேயும் சோனியின் பெயர் உண்டு. மூன்று குழாய் புரொஜெக்டர்களை உலகெங்கும் விற்றவர்களில் முன்வரிசையில் நின்றதும் அதே சோனி. ஒரு கையால் செய்த கருவியின் வாயிலை மறு கை அடைத்தது. திரைப்பட வணிகத்தின் அச்சத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. திருட்டு நாடாக்கள் பெருகிய 1980களை நம் இரு மாநிலங்களும் கண்டவை. ஆனால் 2010 செப்டம்பரில் எச்.டி.சி.பி.யின் தலைமைத் திறவுகோலே வெளியாகிவிட்டது. அது உண்மையானது என்று இன்டெல் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. திருடுபவருக்குப் பூட்டு அன்றே திறந்துவிட்டது. அதன் பிறகும் பூட்டு யாருக்காகத் தொங்குகிறது என்பதற்கு, இருட்டுக் கூடத்தில் காத்திருந்த இருபது சலவைத் தொழிலாளர்களும் நானும் ஒரு விடை.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, தொழில்நுட்பக் காப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். அமெரிக்காவின் 1998 சட்டத்தை விட நம்முடையது இவ்வகையில் நிதானமானது. உள்நோக்கம் என்ற சொல்லை அது கைவிடவில்லை. இருந்தாலும் எனக்கு உடைக்க வேண்டிய தேவை எழவில்லை, காரணம் என் பதிவில் பூட்டே இல்லை. பூட்டு பெட்டியின் பழக்கத்தில் இருந்தது. பெட்டியை விட்டுவிட்டு என் மடிக்கணினியை இணைத்ததும் குறி கேட்காமல் படம் வந்தது.

வந்தது, ஆனால் பாட்டியின் முகம் பச்சையாக இருந்தது.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். இந்தத் தவறு எனக்குப் பூட்டை விட அதிகம் கற்றுக்கொடுத்தது. அன்று என் மாற்றி உமிழ்ந்தது கூறு முறைக் காட்சி. அதில் மூன்று கம்பிகள் உண்டு. பச்சை, நீலம், சிவப்பு என்று நிறமும் பூசியிருக்கும். ஆனால் அவை அந்த நிறங்களைச் சுமப்பதில்லை. பச்சைக் கம்பியில் போவது மொத்த ஒளிர்வு. மற்ற இரண்டில் போவது நீலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடு, சிவப்புக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடு. புரொஜெக்டரோ நேரடி நிறங்களை எதிர்பார்க்கிறது. வடிவம் ஒன்று, பொருள் வேறு. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர் என்பதறியாமல் வெள்ளம் வேண்டுமா என்ற கேள்விக்குத் திடுக்கிடும் தமிழரின் நிலை புரொஜெக்டருக்கு. ஒளிர்வு முழுவதையும் அது பச்சைக் குழாயில் ஊற்றிவிட்டது.

மொழிபெயர்க்கும் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றிலும் வட்டார வழக்கு இருக்கிறது. பழைய தொலைக்காட்சித் தரத்தில் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சையின் பங்கு 0.587, சிவப்பு 0.299, நீலம் 0.114. உயர்தெளிவுத் தரத்தில் பச்சை 0.7152, சிவப்பு 0.2126, நீலம் 0.0722. பழைய கணக்கு அறிந்த மாற்றியிடம் புதிய காட்சியைக் கொடுத்தால் படம் வரும், பெரும்பாலோர் குறையும் சொல்லமாட்டார்கள். ஆனால் தோலின் நிறம் சற்றே பிறழும், இலையின் பச்சை சற்றே திரியும். ஏறக்குறைய சரியான மொழிபெயர்ப்பு, முற்றிலும் தவறானதை விட நெடுநாள் வாழ்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் அறிவார்கள்.

இக்கா தம் பையிலிருந்து வி.ஜி.ஏ. முனையில் தொடங்கி ஐந்து பி.என்.சி.யாகப் பிரியும் ஒரு கம்பியை எடுத்தார். நேரடி நிறங்கள், இடையில் கணக்கு இல்லை. எஞ்சியது வேகம். கூடத்துக் கருவி கணினி வகை. என் பதிவு வினாடிக்கு 25 படம். அதனை 1080 வரியில், வினாடிக்கு 50 வீச்சாக அனுப்பினால் 56,250 வரி, அந்தக் கருவிக்கு மிகை. 720 வரியில் அனுப்பினால் மறைவு வரிகளும் சேர்ந்து 750, வினாடிக்கு 50 முறை, ஆக 37,500. சுருள்கள் எளிதாகத் தாங்கும் அளவு. தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். ஏழு அங்குலக் குழாயின் கற்றைப் பருமனில் அந்த இழப்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

பின்னர் மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் வேலை. மூன்று வில்லைகள் மூன்று கோணங்களிலிருந்து பார்ப்பதால், கட்டக்கோட்டுப் படம் ஒன்றைக் காட்டி, பச்சையை அடிப்படையாக வைத்து, சிவப்பையும் நீலத்தையும் மூலை மூலையாக இழுத்துச் சேர்க்க வேண்டும். அமெரிக்கக் கலைஞர் டயானா தேட்டர் 1990களின் தொடக்கத்தில், ‘ஓ ஃபிஃபி’ என்ற படைப்பில், வேண்டுமென்றே இந்த மூன்றையும் விலக்கிக் காட்டினார்; மோனேயின் தோட்டம் மூன்று நிறத் தோட்டங்களாகப் பிரிந்து சுவரில் நின்றது. இக்காவுக்கு அந்தச் செய்தியைச் சொன்னேன். சேர்ப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, பிரிப்பதற்குக் கலைஞர் வேண்டுமா என்று கேட்டார். நீலத்தை மட்டும் சற்று மங்கலாகவே விட்டார். நீல ஒளிர்பொருள் விரைவில் நிறைவடைந்துவிடுவதால் கற்றையைச் சற்றுப் பரத்தினால்தான் வெண்மை வெண்மையாக இருக்கும் என்றார். வெண்மைக்கு நீலம் சேர்ப்பதைச் சலவைத் தொழிலாளர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் உடனே சொட்டு நீலத்தின் பெயரைச் சொன்னார்.

விளக்குகளை அணைத்தோம். இந்தக் கருவிகளின் ஒளி குறைவு. முழு இருட்டு வேண்டும். ஆனால் அந்த இருட்டில் கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருந்தது. கற்றை வரையாத இடத்தில் ஒளியே இல்லை. இன்றைய வாடகைப் புரொஜெக்டர்கள் காட்டும் சாம்பல் நிறக் கறுப்பு அன்று. சேங்கொட்டைச் சாறு துணியில் ஊறிக் கறுப்பதை அந்தத் திரையில் பார்த்தபோது, என் மடிக்கணினியில் பலமுறை பார்த்த அதே காட்சியில் இதுவரை காணாத ஒன்றைக் கண்டேன்: குறியின் விளிம்பு நூலிழை வழியாக மெல்லப் படர்கிறது, பாட்டியின் விரல் அந்தப் படர்தலுக்கும் சேர்த்தே இடம் விட்டு வரைகிறது. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அதற்காகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி ஓர் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு கோடுகளின் நடுவே ஒரு புள்ளி. தம் மாமியார் கையால் இட்டுக் கற்றுத்தந்த முதல் குறி அதுதான் என்றார். பேரப்பிள்ளைகள் எழுந்து திரைக்கு அருகில் போனார்கள். எனக்குப் பதற்றம். கதிர்க்குழாயில் அசையாத படம் நெடுநேரம் நின்றால் ஒளிர்பொருள் அந்த இடத்தில் தேய்ந்து, உருவம் கண்ணாடியில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அந்தக் கருவியிலேயே ஏதோ பழைய நிகழ்ச்சியின் ஆங்கில எழுத்துகள் சில வெளிறிய நிழலாகத் திரையின் கீழ்ப்பகுதியில் தெரிந்துகொண்டிருந்தன. நான் இக்காவைப் பார்த்தேன். அவர் பொத்தானைத் திருகி ஒளிமாறுபாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் பார்த்து முடிக்கட்டும் என்று கையால் சைகை காட்டினார்.